வெங்காய வளையத்தின் வரவு செலவு



பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உள்ள வீட்டில் 'ஆனியன் ரிங்ஸ்' என்ற பெயர் புதிதாக இருக்காது. கடையில் வாங்கினால் மொறுமொறுவென்று இருக்கிறது. அதையே வீட்டில் செய்தால் தட்டில் வைத்த ஐந்தாம் நிமிடம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. "கடைக்காரன் என்னதான் போடுகிறான்?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். பதில் வெங்காயத்தில் இல்லை, மேல்மாவில் இருக்கிறது. அந்த மாவின் வரலாற்றில் பாதி நம் சேலம், நாமக்கல் மண்ணிலேயே நடந்தது. வளையத்தில் சேரும் வெங்காயம், மாவு, எண்ணெய் மூன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோல் தலைப்பு வாரியாகப் பார்ப்போம்.

முதலில் வளையத்தின் பூர்வீகம். வெங்காயத்தை வட்டமாக அரிந்து, மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை 1802இல் ஜான் மொலார்டு என்ற ஆங்கிலேயச் சமையற்காரர் எழுதிய நூலில் இருக்கிறது. அவர் மாவில் பாலேடும் பாலாடைக்கட்டியும் சேர்த்தார். 1933இல் அமெரிக்காவில் 'கிரிஸ்கோ' என்ற சமையல் கொழுப்பின் விளம்பரத்தில் இந்தப் பண்டத்தின் செய்முறை வந்தது. பிறகு துரித உணவுக் கடைகள் வழியாக உலகம் சுற்றியது. நம் வெங்காய பஜ்ஜியும் இதே முறைதான். அரிவது, தோய்ப்பது, பொரிப்பது எல்லாம் ஒன்று. மாவு மட்டும் வேறு.

வெங்காயக் கணக்கு

நாமக்கல், பெரம்பலூர் பக்கத்து மண் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. சாம்பாருக்கும் பழைய சோற்றுக்கும் அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் வளையத்துக்கு உதவாது. பல் பல்லாகக் கொத்தாக விளையும் அந்த வெங்காயத்தில் வட்டம் எங்கே கிடைக்கும்? வளையத்துக்குப் பெரிய வெங்காயம் வேண்டும்.

பெரிய வெங்காயத்தைச் சந்தையில் இன்றும் 'பெல்லாரி' என்கிறோம். பெல்லாரி மாவட்டம் 1800இல் நிஜாமிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1953 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அதாவது சேலமும் பெல்லாரியும் நூற்றைம்பது வருடம் ஒரே மாகாணத்து மாவட்டங்கள். மாவட்டம் அன்றைய மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் நம் வெங்காய மண்டியில் தங்கிவிட்டது.

இன்று நமக்கு வரும் பெரிய வெங்காயத்தில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தினுடையது. நாசிக் மாவட்டத்து லாசல்காவ் மண்டியில் விலை ஏறினால் நம் தெருமுனைக் கடையிலும் ஏறும். 1980 நாடாளுமன்றத் தேர்தலிலும் 1998 தில்லி சட்டமன்றத் தேர்தலிலும் வெங்காய விலை பெரிய பேச்சாக இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கே தடை வந்து, 2024 மே மாதம்தான் நீங்கியது. ஆக, வெங்காயக் கணக்கில் மகாராஷ்டிரத்துக்கு நாம் கடன்பட்டவர்கள்.

மாவுக் கணக்கு

வெங்காயத்தில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். சூடான எண்ணெயில் அது ஆவியாகி வெளியே ஓடப் பார்க்கும். மேல்மாவு சீக்கிரம் இறுகி, ஆவி போக நுண்ணிய துளை விட்டு நின்றால் மொறுமொறுப்பு. மைதாவாக இருந்தால் அதன் பசைப் புரதம் இழுத்துக்கொண்டு, ஆறியதும் தோல்போல் ஆகும். கடலை மாவு நல்ல நிறமும் மணமும் தரும். தனியாகப் போட்டால் கனமாக இருக்கும். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் பஜ்ஜி மாவில் ஒரு பிடி அரிசி மாவைச் சேர்த்தார்கள். அதையும்விட லேசான, நொறுங்கும் மேலோடு தருவது மரவள்ளி மாவு, நம் ஊர்ச் சொல்லில் குச்சிக்கிழங்கு மாவு. பொரித்த பண்டங்கள் மொறுமொறுப்பாக இருப்பதற்காக உணவுத் தொழிற்சாலைகள் சேர்க்கும் மாவுகளில் இதுவும் ஒன்று.

குச்சிக்கிழங்கு தென் அமெரிக்கப் பயிர். போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசிக்குத் துணை உணவாக இதைப் பரப்பினார். சேலத்தில் இது தொழிலாக மாறியது இரண்டாம் உலகப் போரால்.

போருக்கு முன் ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் மலேயா, சிங்கப்பூர், ஜாவா பக்கமிருந்து கப்பலில் வந்தன. நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடவும் ஸ்டார்ச் வேண்டும். 1942இல் அந்த நாடுகளை ஜப்பான் பிடித்ததும் வரத்து நின்றது. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லிவரும் வரலாறு இது: மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், மலேயாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவை 1943இல் சந்தித்தார். கிழங்கிலிருந்து மாவெடுக்கும் முறை ஷாவுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து சேலத்தில் தொடங்கினார்கள். கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, வடிகட்டி, தொட்டியில் தெளியவைத்து, படிந்த மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. ஆரம்பத்தில் எல்லாம் கைவேலைதான். இயந்திரங்களைத் திருத்திக் கொடுத்தவர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற உள்ளூர் மெக்கானிக்.

அடுத்த வருடமே சோதனை. 1944இல் உணவுப் பஞ்சம். 'கிழங்கும் உணவு, அதை மாவாக்குவது கூடாது, மாவட்டம் தாண்டவும் கூடாது' என்று சேலம் மாவட்ட ஆட்சியர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் சேர்த்து, மேலிடத்தில் முறையிட்டு, தடையை நீக்கினார்கள். பசித்தவன் பக்கம் ஒரு நியாயம், பிழைப்பு தேடியவன் பக்கம் ஒரு நியாயம். அன்று அந்தத் தடை நிலைத்திருந்தால் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

பிறகு ஆலைகள் பெருகின. விலையோ வியாபாரிகள் கையில் இருந்தது. சரக்கை வைத்திருக்க இடமில்லாத சிறு ஆலைக்காரர், கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக 1981இல் பதிவாகி, 1982இல் செயல்படத் தொடங்கியதுதான் 'சேகோசர்வ்' என்று நாம் சொல்லும் கூட்டுறவுச் சங்கம். கிடங்கில் சரக்கை வைத்துக்கொள்ளலாம், அதன் பேரில் முன்பணம் பெறலாம், டெண்டரில் விற்கலாம். வங்கி மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காத்திருக்கச் சக்தி உள்ளவனுக்குத்தான் விலை கிடைக்கும். அந்தச் சக்தியைத்தான் அந்தக் கிடங்கு கொடுத்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்த ஜவ்வரிசி யாருக்குப் போகிறது தெரியுமா? பெரும்பகுதி வடக்கே, குறிப்பாக மகாராஷ்டிரத்துக்கு. அங்கே விரத நாளில் 'சாபுதானா கிச்சடி' சாப்பிடுவார்கள். அவர்கள் நமக்கு வெங்காயம் அனுப்ப, நாம் அவர்களுக்கு ஜவ்வரிசி அனுப்புகிறோம். அந்த விரத நாளில் அவர்கள் வெங்காயத்தைத் தொடமாட்டார்கள் என்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில் உள்ள வேடிக்கை.

விவசாயியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆலைக்குப் போகும் கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாதிரி எடுத்து, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்ப்பார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று விலை. ஏறக்குறைய பத்து மாதம் காத்து வளர்த்த பயிரின் தலைவிதி அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலப்பதாலும் வெண்மைக்காக வேதிப்பொருள் சேர்ப்பதாலும் நேர்மையான ஆலையும் விவசாயியும் அடிபடுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை செய்து பிடிப்பதை அவ்வப்போது செய்தித்தாளில் பார்க்கிறோம்.

போதாக்குறைக்கு 2020 வாக்கில் ஒரு புது மாவுப்பூச்சி வந்தது. இதுவும் தென் அமெரிக்கப் பூச்சிதான். 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிக் காடுகளை அழித்தது இதுவே. அங்கே சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன் தலைமையில், இதன் இயற்கை எதிரியான ஒரு சின்னஞ்சிறு குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பயிர் பிழைத்தது, அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே இனக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். ஆத்தூர் சாலையில் போகும்போது ஏத்தாப்பூர் பெயர்ப் பலகையைப் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கணக்கு

நம் பக்கத்து மானாவாரி நிலத்தில் நிலக்கடலை விளைந்ததால் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயே பலகாரத்துக்கு வழக்கம். 2007இல் ரேஷன் கடையில் பாமாயில் வந்த பிறகு பல வீடுகளில் வாணலிக்கு அதுவே என்றானது. பாமாயில் முக்கியமாக மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. ஒரு காலத்தில் நமக்கு ஸ்டார்ச் அனுப்பிய அதே நாடுகள்.

எந்த எண்ணெயானாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெடும். காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் போலார் பொருள்கள் நூற்றுக்கு 25க்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் உணவு வணிகர்களுக்கு நடைமுறையில் உள்ளது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்தாலோ, நுரை தள்ளினாலோ, சீக்கிரம் புகைந்தாலோ அந்த எண்ணெயை விட்டுவிடுங்கள்.

இனி அடுப்படிக்கு

நான்கு பேருக்கு மூன்று பெரிய வெங்காயம். ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு வட்டமாக அரிந்து வளையங்களைப் பிரியுங்கள். உட்புறம் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், அதை உரித்துவிடுங்கள். அது இருந்தால் மாவு பிடிக்காமல் கழன்றுவிடும். ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, துணியில் ஈரம் போக ஒற்றுங்கள். வெங்காயத்தில் உப்பு போடாதீர்கள். பக்கோடாவுக்கு உப்புப் போட்டுப் பிசைந்து நீர் விடச் செய்வோம். இங்கே நீர் விட்டால் காரியம் கெட்டது.

அரை கப் கடலை மாவு, கால் கப் அரிசி மாவு, கால் கப் குச்சிக்கிழங்கு மாவு. குச்சிக்கிழங்கு மாவு கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை மிக்ஸியில் நைஸாகப் பொடித்து, சலித்துப் போடுங்கள். குருணை இருந்தால் பல்லில் கடிபடும். மிளகாய்த் தூள், பெருங்காயம், கொஞ்சம் ஓமம், உப்பு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரையுங்கள். இது பொரிக்கப் போகும்போது கரைக்க வேண்டிய மாவு.

வளையத்தை முதலில் உலர்ந்த குச்சிக்கிழங்கு மாவில் புரட்டி, உதறி, பிறகு கரைத்த மாவில் தோய்த்து எண்ணெயில் விடுங்கள். உலர்மாவு வெங்காயத்தின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு துளி மாவு விட்டால் உடனே மேலே எழும்பி வரவேண்டும், கருகக்கூடாது. அதுவே சரியான சூடு. ஒரே ஈட்டில் ஐந்தாறுக்கு மேல் போட்டால் சூடு இறங்கி, எண்ணெய் குடிக்கும். எடுத்ததும் காகிதத்தில் குவித்து வைக்காமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். அடியில் ஆவி தங்கினால் செய்த வேலை வீண்.

கடைசியாக, நம் சங்கத்தின் சார்பிலும் ஒரு வேண்டுகோள். பொரித்து மீந்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அது குழாயில் உறைந்து, கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி வரை போய் அங்குள்ள நுண்ணுயிர்களின் வேலையைக் கெடுக்கும். ஆறவைத்து பாட்டிலில் ஊற்றி மூடி வையுங்கள். பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வரிசி வாங்கும்போது பளிச்சென்ற வெண்மையைத் தேடாதீர்கள். கலப்பில்லாத ஜவ்வரிசி சற்று மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கலைக் கேட்டு வாங்குபவர்கள் கூடினால், களத்தில் வெயிலில் நின்று மாவு காயவைக்கும் பெண்களுக்கும், பாயிண்ட்டுக்குக் காத்திருக்கும் விவசாயிக்கும் அதுவே நாம் செலுத்தும் பாக்கி.