நம் கல்வி உரிமை வந்த வழி

ஓர் இனத்தின் வரலாற்றை அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் தேடுவோர் உளர். நம் சமுதாயத்தின் அண்மைக்கால வரலாற்றைப் பள்ளிக்கூட வாசலில் தேடுவதே பொருத்தமாகும். அவ்வாசலுக்கு வெளியே நம் முன்னோர் எத்தனை தலைமுறை நின்றனர், எவ்வாறு உள்ளே நுழைந்தனர், நுழைந்த பின்னும் எத்தகைய தடைகள் எதிர்ப்பட்டன என்பவற்றை அறியாமல், இன்று நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகையின் மதிப்பையோ, நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளாக ஆற்றிவரும் பணியின் பொருளையோ உணர இயலாது. ஆதலின் இவ்வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர விழைகிறோம்.

முதல் முறையீடுகள்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதியை உடன் பயில்வோர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி, அவர்களோடு கலந்து பழகாமல் ஒதுங்கியே இருந்தார். 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே இதனைக் குறித்துள்ளார். கல்வி கற்கும் இடத்திலேயே ஒளிந்து வாழ நேர்ந்த அச்சிறுவர்தாம் பின்னாளில் 1891-இல் மகாஜன சபையை நிறுவினார். 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழும் நடத்தினார். மறைக்க நேர்ந்த பெயரையே இதழின் முகப்பில் பொறித்த துணிவு எண்ணி வியக்கத்தக்கது.

அதே 1891-இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கு நிறைவேறிய கோரிக்கைகளுள் கல்விச் சலுகைகளும் இடம்பெற்றன. அக்காலத்திலேயே செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். கிறித்தவ மிஷனரிமார்களும் இடைவிடாது முறையிட்டனர். இவற்றின் பயனாகச் சென்னை அரசு 1.2.1893 அன்று கல்வித்துறை ஆணை எண் 68-ஐ வெளியிட்டது. நம் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் அமைக்கவும், ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை வழங்கவும் அது வழிகாட்டியது. மறு ஆண்டே, பிரம்மஞான சபையைச் சார்ந்த கர்னல் ஆல்காட், பண்டிதரின் ஒத்துழைப்புடன் அடையாற்றை அடுத்து இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார்.

ஆணை பிறந்தும் கதவு திறவாமை

இந்த ஆணையால் நம் குறை தீர்ந்ததா? 1919-இல் சென்னை அரசு வெளியிட்ட மற்றோர் ஆணை இதற்கு விடை கூறுகிறது. அன்று மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் இயங்கிய 8,157 பள்ளிகளுள், நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. அதாவது 26 ஆண்டுகள் கழிந்த பின்னும் நூறு பள்ளிகளுக்கு எட்டுப் பள்ளிகள்கூட நமக்குத் திறக்கவில்லை. பள்ளிகள் பல, நம் மக்கள் காலெடுத்து வைக்க முடியாத தெருக்களில் அமைந்திருந்தன. சட்டம் தடுக்காவிடினும் தெரு தடுத்தது. அரசின் பணத்தில் நடந்த பள்ளிக்கு ஊரார் காவல் நின்றனர்.

இந்நிலையில் நம் குரலைச் சட்டமன்றத்திற்கு எடுத்துச் சென்றவர் பெருந்தலைவர் எம். சி. ராஜா ஆவார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய அவர், 1920-இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினரானார். 1922-இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அரசுப் பதிவுகளில் ஏறிற்று. அக்காலத்தில் தோன்றிய தொழிலாளர் ஆணையர் துறை, வீட்டுமனை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றோடு பள்ளிகளையும் ஏற்படுத்தியது. அப்பள்ளிகளின் வழி வந்தவையே பிற்கால அரிசனர் நலப் பள்ளிகளும், இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் ஆகும்.

உயர்கல்வியின் கதவைத் திறந்தவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் 1942-இல் அவர் அளித்த கோரிக்கை அறிக்கையின் தொடர்ச்சியாக, 1944-இல் பட்டியலினத்தார்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் மலர்ந்தது. விடுதலைக்குப் பின் 1951-இல், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை அரசின் ஆணை செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்னும் பிரிவு சேர்ந்தது. 1953-இல், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் ஈடுபடட்டும் என்றொரு திட்டம் வந்தபோதும் மக்கள் எதிர்த்தனர். மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. குலத்தொழிலுக்குத் திரும்புக என்று கூறியிருப்பின், நம்மவர் எத்தொழிலுக்குத் திரும்பியிருப்பர் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் இரு மாவட்டங்கள்

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டமும், பின்னர் 2007-இல் நிலையாக அரியலூர் மாவட்டமும் பிரிந்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 31 பேரும், அரியலூரில் 23 பேரும் பட்டியலினத்தார். வானம் பார்த்த கரிசலில் பருத்திக்கும் சோளத்திற்கும் கூலியாகச் செல்லும் குடும்பங்கள் பல. இம்மண்ணிலிருந்து எழுந்த ஒரு பெயரை நாடே அறியும்.

செந்துறைப் பகுதியிலுள்ள குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றார். அவ்வாண்டு மருத்துவச் சேர்க்கைக்கு ‘நீட்’ தேர்வே அளவுகோல் ஆயிற்று. அம்மாணவி உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடினார். நீதி கிட்டவில்லை, 1.9.2017 அன்று நம்மைவிட்டுப் பிரிந்தார். அம்மறைவு தமிழகத்தையே உலுக்கியது. வாழ்ந்து மருத்துவராக நம்மிடையே திரும்பியிருக்க வேண்டியவரை நாம் இழந்தோம். எந்தத் தேர்வும், எந்த மதிப்பெண்ணும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தம் மக்களிடம் சொல்லி வைத்தல் கடன்.

அதன்பின் தொடர்ந்த போராட்டங்களின் பயனாக, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் வந்தது. உயர் நீதிமன்றமும் 2022-இல் அதனை உறுதி செய்தது. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கோ ஒப்புதல் மறுக்கப்பட்டதென 2025-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; அதன் அரங்கம் அனிதாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று நம்முன் உள்ள பணி

1893-இன் பாடம் இன்றும் மாறவில்லை. 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றோர் பலர் இதனால் கரையேறினர். ஆயினும் ஆணையை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய பெற்றோரையும் நாம் கண்டுள்ளோம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் உரிய நாளில் கிடைக்காமையால் உதவித்தொகை இழக்கும் பிள்ளைகளைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். 1919-இல் தெரு தடுத்தது. இன்று ஒரு தாளின்மை தடுக்கிறது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. தனிமை நீங்கட்டும் என்பார் ஒரு சாரார்; நமக்கென ஒதுங்கிய நிதியும் நிலமும் பணியிடமும் கரைந்துவிடும் என்பார் மறு சாரார். இரண்டிலும் நியாயம் உண்டு. எத்துறையின் பெயர்ப்பலகை தொங்கினும், ஆசிரியர் காலியிடம் நிரம்பியதா, ஆய்வுக்கூடம் உள்ளதா, விடுதி உணவு தக்கதா என்று கேட்கும் உரிமையை மட்டும் நாம் எவரிடமும் ஒப்படைத்தலாகாது.

அவ்வாறு கேட்பதற்கு இடமும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்க்கு உரிய விகிதம் உண்டு. அந்நாற்காலிகள் பல ஊர்களில் பெயரளவிலேயே நிரம்பியுள்ளன. கூலி வேலைக்குச் செல்லும் தாய் கூட்டத்திற்கு வர இயலாவிடில், கூட்டத்தின் நேரத்தை மாற்றக் கோருவதும் கல்விப் போராட்டமே.

அன்பிற்குரிய இளைஞர்களே! படித்து முடித்தவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஐந்து பிள்ளைகளின் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் தாமே முன்னின்று நிரப்பித் தருவீர். தகவல் உரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்து, ஒதுக்கிய நிதி செலவானதா என வினவுவீர். குழுமூரில் அனிதாவின் நினைவாக நூலகம் எழுந்தது போல், ஊர்தோறும் மாலைநேரப் படிப்பகம் எழச் செய்வீர். பண்டிதரும் சீனிவாசனாரும் ராஜாவும் அண்ணலும் ஆணைகளைப் பெற்றுத் தந்தனர். அவ்வாணைகள் கடைசித் தெருவின் கடைசிப் பிள்ளை வரை சென்று சேர்ந்தனவா என்று காண்பது நம் பொறுப்பு. சங்கம் தன் பொன்விழாவைக் காணுமுன் அப்பணி நிறைவேறட்டும்.