லைன்

'லைன்' இங்கிலீஷ் வார்த்தை என்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்குத் தெரியும். ராசிபுரம் பக்கத்தில் நான் பிறந்ததே லைன் வீட்டில்தான். ஒரே கூரை, ஒட்டினாற்போல் அஞ்சு வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய். பக்கத்து வீட்டு மாமா லாரி டிரைவர். 'பாம்பே லைனுக்குப் போயிருக்காரு' என்று அக்கா சொன்னால், அவர் திரும்ப நாளாகும். கடைக்கடையாகச் சோப்பு போடும் அண்ணனுக்கு லைன் சேல்ஸ். முறுக்கிக்கொண்டிருந்த சம்பந்தி வீடு இறங்கி வந்தால் 'லைனுக்கு வந்துட்டாங்க'. வயசுப் பையன்கள் அடிக்கிற லைன் தனி.

அம்மாவைப் பெற்ற அமுச்சியின் தங்கச்சி குடும்பம் இலங்கையின் கண்டிச்சீமையிலிருந்து வந்தது. சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்க எத்தனையோ குடும்பங்கள் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே துரைமார் கட்டிய வரிசைக் குடியிருப்பும் லைன்தான்; நம் ஜனங்கள் அதை லயம் ஆக்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே பிறந்து வளர்ந்து செத்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படித் திரும்பிய சின்ன அமுச்சி எங்கள் வாசலில் பெட்டியை இறக்கிவிட்டு, கூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தது. "இங்கயும் லயந்தானா சாமி?" என்றது. அம்மா பதில் சொல்லாமல் தண்ணி மொள்ளப் போய்விட்டாள்.

ரயிலுக்கும் லைன் உண்டு. சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர்வரை ரயில் ஓடத் தொடங்கியது 1860களின் தொடக்கத்தில். நாமக்கல் டவுனுக்கு ரயில் வந்ததோ 2013இல்தான். ஆனால் ரயில்காரர்களின் 'லைன் கிளியர்' அதற்கு வெகு முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டி கிளம்பக்கூடாது என்பது அவர்கள் சட்டம். மேட்டூரில் 1937இல் மின்சாரம் எடுத்து ஊர் ஊராகக் கம்பி இழுத்தார்களே, அந்தக் கரண்டு இலாகாவிலும் அதே வார்த்தைதான்: எல்.சி.

அப்பா லைன்மேன். கம்பம் ஏறுமுன் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு எல்.சி. கேட்பார். அங்கே சப்ளையை நிறுத்தியதும் நேரத்தைப் பாக்கெட் நோட்டில் குறிப்பார். அப்புறமும் நம்பமாட்டார், கம்பியில் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் கை வைப்பார். வேலை முடிந்து எல்லாரும் இறங்கினார்களா என்று ஆள் எண்ணி, எல்.சி. ரிட்டர்ன் செய்வார். வாங்கியவர்தான் ரிட்டர்ன் பண்ண வேண்டும். வேறு யார் சொன்னாலும் சப்ளை கொடுக்கக்கூடாது. லைன் என்ற சொல்லுக்கு இருக்கிற அர்த்தங்களில் எனக்கு ஒசத்தி இதுதான். ஒரு மனுசன் உயிருக்கு இன்னொரு மனுசன் கொடுக்கிற வாக்கு அது.

மழை ராத்திரியில் கரண்டு போனால் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தாதீர்கள். எங்கேயோ ஒரு கம்பத்தின் மேல் ஒருத்தர் எல்.சி. வாங்கி ஏறியிருப்பார். அவர் இறங்கட்டும்.