வெயில் இல்லாத ஊரின் கருவாடு

இந்த எபிசோடை துறையூர்ல, எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல பஸ் ஹார்ன் கேட்டா கண்டுக்காதீங்க.

போன வருஷம் ஆபீஸ் வேலையா மூணு மாசம் எடின்பரோல இருந்தேன். முதல் நாள் காலையில ஹோட்டல்ல மஞ்சளா ஒரு சோறு வெச்சாங்க. மேல வெட்டின முட்டை, உள்ள உதிர்த்த மீன். பேரு கெட்ஜரீ. ஒரு வாய்தான் வெச்சேன், எங்க அப்பாயி வீட்டு அடுப்படி அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. காரணம், அந்த மீன்ல இருந்த புகை வாசம்.

உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். "செமடா, என்ன டிஷ் இது?"ன்னு ஏகப்பட்ட மெசேஜ். அப்புறம்தான் உறைச்சுது. சென்னையில வாடகைக்கு வீடு பார்க்கப் போனப்ப ஓனர் கேட்ட முதல் கேள்வி, "கருவாடு வறுப்பீங்களா?" நான் கூசாம, "இல்ல சார், அந்த வாசமே எனக்கு ஆகாது"ன்னு சொன்னேன். ஊர்ல இருந்து கிளம்பும்போது அம்மா கட்டிக் குடுத்த நெத்திலிக் கருவாட்டை, "பஸ்ல நாறும்மா, வேண்டாம்"னு திருப்பி வெச்சிட்டு வந்திருக்கேன். ஒரு மீன் ஸ்டேட்டஸ்ல வைக்கிற மீன். இன்னொண்ணு ஜன்னலைச் சாத்திட்டு வறுக்கிற மீன். அப்படி என்னதான் வித்தியாசம்? அதைத் தேடிப் போனதுதான் இன்னைக்குக் கதை.

கெட்ஜரீல இருந்தது ஹேடக். வட அட்லாண்டிக்ல கிடைக்கிற மீன், காட் மீனோட சொந்தக்காரன். கொழுப்பு கம்மி, வெள்ளைச் சதை. ஸ்காட்லாந்தோட கிழக்குக் கரையில, அபர்டீனுக்குத் தெற்கே ஃபின்டன்னு ஒரு மீனவ கிராமம். அங்க மீனைத் தலை எடுத்து, பிளந்து, உப்புல ஊற வெச்சு, பீட் புகையில தொங்க விடுவாங்க. பீட்ங்கிறது சதுப்பு நிலத்துல மக்கின செடிகளை வெட்டியெடுத்துக் காய வெச்ச எரிபொருள், நம்ம வரட்டி மாதிரி. இந்த மீனுக்கு ஃபின்னன் ஹேடின்னு பேரு. இதுல படுறது புகை மட்டும்தான், மீன் வேகாது. அதனால வீட்டுல பால்ல போட்டு வேக வெச்சுத்தான் சாப்பிடணும்.

இன்னும் தெற்கே போனா ஆர்ப்ரோத். அங்க ரெண்டு ரெண்டு மீனா வால்ல சணல் கயிறு கட்டி, கட்டை எரியிற குழிக்கு மேல தொங்க விட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மூடிடுவாங்க. அந்தச் சூட்டுலயே மீன் வெந்துடும். எடுத்து அப்படியே சாப்பிடலாம். இதுதான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. 2004-ல ஐரோப்பிய யூனியன் இதுக்குப் புவிசார் பாதுகாப்பு குடுத்துச்சு. ஆர்ப்ரோத்தைச் சுத்தி 8 கிலோமீட்டருக்குள்ள செஞ்சாத்தான் அந்தப் பேர் போட முடியும். நம்ம மணப்பாறை முறுக்குக்குக் கிடைச்ச மாதிரி ஒரு அந்தஸ்து.

ஆனா இது ரெண்டுமே பெரிய வீட்டுச் சாப்பாடா ஆரம்பிக்கல. மீனவக் குடும்பங்கள், பிடிச்ச மீன் கெட்டுப் போகாம இருக்கப் பண்ணின வேலை. மீன் அழுகுறதுக்குக் காரணமான பாக்டீரியா வளர தண்ணி வேணும். அந்தத் தண்ணியை வெளியே எடுத்துட்டா மீன் தாங்கும். உப்பு தண்ணியை இழுக்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கும். ஸ்காட்லாந்துல வெயிலை நம்ப முடியுமா? மீன் காயுறதுக்குள்ள மழை வந்துடும். அதனால அவங்க நெருப்பை வெச்சாங்க. சூடு மெதுவா ஈரத்தை எடுக்கும், புகையில இருக்கிற ஃபீனால் மாதிரியான பொருட்கள் பாக்டீரியாவை அடக்கும், கொழுப்பு சிக்கடிக்காமப் பார்த்துக்கும். எங்க வேலை பாஷையில சொன்னா ஃபங்ஷன் ஒண்ணுதான், இன்புட்தான் வேற. ஃபின்னன் ஹேடிங்கிறது வெயில் இல்லாத ஊரின் கருவாடு. அவ்ளோதான்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். சங்க இலக்கியத்துல நெய்தல் பாட்டுகளைப் பார்த்தீங்கன்னா, மணல்ல மீன் காயப் போட்டுட்டு, கொத்த வர்ற பறவைகளை விரட்டுற பொண்ணுங்க வருவாங்க. உப்பை வண்டியில ஏத்தி உள்நாட்டுக்குக் கொண்டு போற உமணர்களும் வருவாங்க. இந்த ரெண்டையும் சேர்த்தா துறையூர் மாதிரி ஊரோட கதை புரியும். இங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல. இன்னைக்கு வரைக்கும் எங்க ஊருக்கு ரயில் கிடையாது. ஐஸ் பெட்டி வர்றதுக்கு முன்னாடி இங்க கடல் மீன்னா அது கருவாடுதான். கடலையே பார்க்காத சனங்களுக்குக் கடல் வந்து சேர்ந்த வழி அது.

புகையும் நமக்குப் புதுசு இல்ல. மாலத்தீவுல சூரை மீனை வேக வெச்சு, புகை போட்டு, அப்புறம் வெயில்ல காய வெப்பாங்க. கட்டை மாதிரி இறுகிடும். அதுதான் மாசிக் கருவாடு. காயல்பட்டினம், கீழக்கரை அடுக்களைகள்ல இருக்கும். இலங்கையில மாசிச் சம்பல், சீனிச் சம்பல் ரெண்டுக்கும் அதுதான் உயிர்.

இந்த இடத்துல ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன். இப்னு பதூதா, மொராக்கோ பயணி. 1343-ல மாலத்தீவு போய், அங்க நீதிபதியாவே வேலை பார்த்தவர். மீனை வெட்டி, லேசா வேக வெச்சு, ஓலைக் கூடையில வெச்சுப் புகை போடுறாங்க, அது இந்தியா, சீனா, ஏமன் வரைக்கும் போகுதுன்னு அவர் பயண நூல்ல இருக்கு. அங்கிருந்து இலங்கை வழியா நம்ம மதுரைக்கும் வந்தாரு. அதே நூல்ல இன்னொரு குறிப்பு: இந்தியாவுல பாசிப்பயறையும் அரிசியையும் சேர்த்து வேக வெச்சு, நெய் ஊத்திக் காலைச் சாப்பாடா சாப்பிடுறாங்க, பேரு கிஷ்ரி. நம்ம ஹோட்டல் ரவா கிச்சடி இல்ல, பருப்பும் அரிசியும் போட்ட அசல் கிச்சடி.

அந்தக் கிச்சடிதான் பின்னால கம்பெனிக்காரங்களோட கப்பல் ஏறிச்சு. 1790-லேயே ஸ்காட்லாந்துல, டம்ஃப்ரீஸ்ஷயர் பக்கம் பர்ன்ஃபுட்ங்கிற ஊர்ல, ஸ்டெஃபானா மால்கம்ங்கிற பெண்ணோட சமையல் குறிப்பேட்டுல கெட்ஜரீ இருக்கு. அதே பர்ன்ஃபுட் மால்கம் குடும்பத்துப் பையன் ஜான் மால்கம், 1783-ல பதின்மூணு பதினாலு வயசுல மெட்ராஸ் வந்து கம்பெனி ராணுவத்துல சேர்ந்தவர். இப்படிக் காலை ரெண்டு பக்கமும் வெச்சிருந்த குடும்பங்கள்ல கிச்சடி புதுசா ஒரு வாழ்க்கை ஆரம்பிச்சுது. போகப் போகப் பருப்பு காணாமப் போச்சு, முட்டை வந்துச்சு, புகை மீன் வந்துச்சு.

இதுல கோவப்பட்ட ஆளும் உண்டு. 1886-ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இங்கிலாந்துல மீன் போட்ட பண்டத்தைக் கெட்ஜரீன்னு சொல்றது தப்புன்னு திட்டுது. அதை எழுதின ரெண்டு பேர்ல ஹென்றி யூல் ஸ்காட்லாந்துக்காரர். இன்னொருத்தர் பர்னெல், நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். ஆனா யாரு கேட்டா? மீன் ஜெயிச்சுடுச்சு. இன்னைக்குக் கடையில விக்கிற ஹேடக்கோட மஞ்சள் நிறம் பல சமயம் புகையால வர்றதே இல்ல, சாயம். சிலதுல அந்தச் சாயம் குர்க்குமின், நம்ம மஞ்சக்கிழங்குல இருந்து வர்றது!

சரி, வீட்டுல செய்ய முடியுமா? போன வாரம் செஞ்சு பார்த்தேன். ஹேடக் கிடைக்காது, திருச்சியில இருந்து கொடுவா வாங்கிட்டு வந்தேன். ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் கல்லுப்பு. அதுல துண்டுகளை அரை மணி நேரம் ஊற வெச்சு, துடைச்சு, ஃபேன் காத்துல மேல்தோல் பிசுபிசுன்னு ஆகுற வரைக்கும் வெச்சேன். புகை ஒட்டுறதுக்கு இது முக்கியம். பழைய இரும்புச் சட்டியில அலுமினிய ஃபாயில் விரிச்சு, ரெண்டு ஸ்பூன் அரிசி, டீத்தூள், வெல்லம். மேல கம்பி வலை, அது மேல மீன். இறுக்க மூடி, புகை வந்ததும் 15 நிமிஷம். ஜன்னலைத் திறந்தே வெச்சிருங்க. அப்புறம் வெங்காயம், மிளகு போட்ட பால்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விடாம வேக வெச்சேன். உதிர்த்து, சோறு, முட்டை, வெண்ணெய் சேர்த்தா கெட்ஜரீ. இந்தப் புகை ருசிக்குத்தான், மீனைப் பாதுகாக்காது. மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுநாளே முடிச்சிருங்க.

அப்பாயிக்கு இப்ப 84 வயசு. ஒரு காலத்துல அவங்க விறகடுப்புக்கு மேல உறி கட்டி, அதுல கருவாட்டுச் சட்டி தொங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில வெயில் வராதப்ப அந்தப் புகைதான் பூஞ்சை பிடிக்காமக் காப்பாத்தும். கேஸ் வந்ததும் உறி போச்சு. தட்டைக் கையில குடுத்தேன். ஒரு துண்டு வாயில போட்டு, மெதுவா மென்னு பார்த்தாங்க.

"வாசம் சரியா இருக்குடா. உப்பு பத்தல. இது ரெண்டு நாளு தாங்காது."

ருசியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. தாங்குமா தாங்காதான்னுதான் பார்த்தாங்க. ஃபின்டன் கிழவி யாராவது இருந்தா அவங்களும் இதைத்தான் சொல்லியிருப்பாங்கன்னு தோணுச்சு.

நாளைக்குச் சென்னைக்குக் கிளம்புறேன். பையில நெத்திலி இருக்கு. ஓனர்கிட்ட என்ன சொல்றதுன்னு பஸ்ல யோசிச்சுக்கறேன். உங்க வீட்டு அடுப்புக்கு மேல என்ன தொங்குச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.