அக்டோபர் 24

நான் படித்த பள்ளியில் ஆண்டுதோறும் அக்டோபர் 24 அன்று ஐக்கிய நாடுகள் தினம் கொண்டாடப்பெறும். உலக அமைதி பற்றிய பேச்சுப் போட்டியில் ஒருமுறை நானும் பரிசு பெற்றேன். நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பிறந்த மருதிருவர் தூக்கிலிடப்பட்டதும் அதே தேதியில்தான் என்பதை அன்று எவரும் கூறவில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றை அடுக்கிக் காட்டுவது வெறும் பொழுதுபோக்கு என்பர். தேதிக்கு நோக்கம் ஏதுமில்லை என்பது மெய்யே. ஆயினும் இந்நாளின் நிகழ்ச்சிகள் மூன்று, மண்ணை ஆளும் உரிமை யாருக்கு என்ற ஒரே வினாவைச் சுற்றி நிற்கின்றன.

1648 அக்டோபர் 24 அன்று வெஸ்ட்பாலியா உடன்படிக்கைகள் கையெழுத்தாகி, ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் முடிவுற்றது. தன் எல்லைக்குள் ஒவ்வோர் அரசும் தானே தலைமை என்னும் கோட்பாட்டுக்கு அதனையே தோற்றுவாயாகப் பிற்காலத்தார் காட்டினர். அந்த நியாயம் மட்டும் கப்பலேறிக் கீழ்த்திசைக்கு வரவில்லை.

1801 ஜூன் 16 அன்று சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்றது. அது சிவகங்கைச் சீமையாரை மட்டும் விளித்ததன்று. சாதி சமய வேறுபாடின்றி ஜம்புத்தீவு மக்கள் அனைவரையும் கும்பினியார்க்கு எதிராக எழுமாறு அழைத்தது. பாளையத்துக்குரிய பகையை நாட்டுக்குரியதாக்கிய பெருமை அவ்வறிக்கைக்கு உண்டு. நான்கு திங்களும் எட்டு நாளும் கழிந்தபின், அக்டோபர் 24 அன்று, திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலேற்றப்பட்டனர்.

சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802 பிப்ரவரியில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். வேலெறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடம் கற்ற ஆங்கிலப் படை அதிகாரி வெல்ஷ், அதே மருதுவுக்கு எதிரான போரிலும் பங்குகொண்டவர். பல்லாண்டு கழித்துப் பினாங்கில் துரைசாமியைக் கண்டபோது, உருமாறித் தளர்ந்து நின்ற அவரை வெல்ஷால் அடையாளம் காண இயலவில்லை. இதனை அவரே தம் நினைவு நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆசானின் மகனுக்கு மாணவர் செய்ய முடிந்தது அவ்வளவே போலும்!

ஐக்கிய நாடுகள் சாசனம் 1945 அக்டோபர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. மக்களின் தன்னுரிமையை அதன் முதற்பிரிவே பேசுகிறது. அச்சாசனத்தில் இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டோருள் ஒருவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். அன்று இந்தியாவோ அடிமை நாடு.

எனக்குப் பரிசு வாங்கித் தந்த உரையில் இதுவும் இல்லை.