புதுச்சேரியும் முதுகெலும்பு வகைப்பாடும்

விலங்குகள் முதுகெலும்பு உள்ளவை, முதுகெலும்பு அற்றவை என இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. இப்பிரிவு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உருப்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலிருந்தும் விலங்கு மாதிரிகள் அங்கு சென்றன.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளை இரத்தம் உள்ளவை, இல்லாதவை எனப் பிரித்தார். 1758இல் லின்னேயஸ் ஆறு வகுப்புகளை அமைத்தார். அவற்றுள் 'புழுக்கள்' என்ற வகுப்பில் நத்தை, கணவாய், சொறிமீன் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. 1793இல் பூச்சிகள், புழுக்கள் துறைக்குப் பேராசிரியரான லாமார்க் இக்குவியலை ஒழுங்குபடுத்தி, 1801இல் முதுகெலும்பற்ற விலங்குகளைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். கோயில்களில் ஊதப்படும் சங்கின் பேரினமான டர்பினெல்லாவுக்கு 1799இல் பெயரிட்டவரும் அவரே.

1816இல் புதுச்சேரிக்கு வந்த இயற்கை ஆய்வாளர் லெசெனோ, 1822 வரை தாவரங்களையும் விலங்குகளையும் திரட்டிப் பிரான்சுக்கு அனுப்பினார். புதுச்சேரியில் கிடைத்த பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு 1820இல் தெமாரே என்பவர் லெசெனோவின் பெயரையே சூட்டினார். அவர் அனுப்பிய மீன்கள், கியூவியேயும் வலென்சியெனும் எழுதிய மீன்கள் பற்றிய பெருநூலில் (1828–1849) விவரிக்கப்பட்டன. திரட்டியவரின் பெயர் அறிவியலில் நிலைத்தது. வலைவீசிப் பிடித்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

கியூவியே 1817இல் விலங்குலகை நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்தார். முதுகெலும்பிகள் அவற்றுள் ஒன்று. மெல்லுடலிகள், கணுவுடலிகள், ஆரையுடலிகள் மற்றவை. முதுகெலும்பு இல்லாமை ஒன்றே ஓர் இனத்தை அடையாளப்படுத்தப் போதாது என்பதை இப்பகுப்பு காட்டியது.

புதுச்சேரி குபேர் அங்காடியின் மீன் பகுதியில் இதை நேரில் காணலாம். வஞ்சிரம், இறால், நண்டு, கணவாய் அனைத்தும் அங்கு அருகருகே விற்கப்படுகின்றன. இறாலும் நண்டும் கணுக்காலிகள், கணவாய் மெல்லுடலி. வஞ்சிரத்துக்கும் வௌவாலுக்கும் முதுகெலும்புள்ள பொது மூதாதை உண்டு. இறாலும் கணவாயும் அவ்வளவு நெருங்கிய உறவினர் அல்ல.

ஆகவே முதுகெலும்பிகள் என்பது ஒரே மூதாதையிலிருந்து வந்த இயற்கையான குழு. முதுகெலும்பிலிகள் என்பது எஞ்சிய அனைத்துக்கும் வசதிக்காக இடப்பட்ட பெயர். அறியப்பட்ட விலங்கினங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இப்பெயரில் அடங்கும். 1866இல் ரஷ்ய அறிஞர் கோவலெவ்ஸ்கி, முதுகெலும்பற்ற கடற்பீச்சிகளின் இளவுயிரியில் முதுகுநாண் இருப்பதைக் கண்டறிந்தார். அவை சங்கையும் நண்டையும் விட நமக்கே நெருங்கிய உறவினர்.