ஏழங்குலக் கண்ணாடி

ஹெட்லைட் மஞ்சள் பூத்து மங்கிப்போன பழைய காரைப் பார்த்தால் பிளாஸ்டிக்கைத் திட்டுவது வழக்கம். வடசென்னை வண்டியென்றால் எண்ணூரின் உப்புக்காற்றுக்கும் நிலக்கரித் தூசிக்கும் அந்தத் திட்டில் பங்கு உண்டு. இரண்டு குற்றச்சாட்டும் பொய்யில்லை. ஆனால் விளக்கு கெட்டுப்போவது புதிய சங்கதியே அல்ல. கண்ணாடி விளக்கும் கெட்டது, அதுவும் இதே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் சரமாரியாகக் கெட்டது. அன்று கெட்ட பாகத்தை மட்டும் கழற்றி வேறொன்றைப் போட முடிந்தது, இன்று முடியவில்லை. மங்கலான ஹெட்லைட் இவ்வளவு பெரிய தலைவலியானதற்கு முதல் காரணம் பொருள் மாறியதைவிட இந்த வசதி பறிபோனதுதான் என்பது என் வாதம். வசதி எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை இந்தப் பகுதியின் இரண்டு தொழிற்சாலைகளைக் கொண்டே பார்க்கலாம்.

1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து லாரிக்கு மாறி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. ஒன்று பத்து டன் சுமக்கும் வண்டி, மற்றது இருவர் போகும் வண்டி. ஆனாலும் இரண்டின் முகத்திலும் வட்டமான கண்ணாடி விளக்குதான். அமெரிக்கா 1940-இலேயே ஏழங்குல வட்ட விளக்கை எல்லாக் கார்களுக்கும் பொது அளவாக்கியிருந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகளும் அந்த அளவையே பெரிதும் கையாண்டதால் அம்பாசடர், ஜீப், புல்லட், பழைய லாரி என்று நம் சாலையில் ஓடிய பெரும்பாலான வண்டிகளுக்கு ஏழங்குலமே வழக்கமாயிற்று. எண்ணூரில் லாரி வாங்கியவர் பெரும்பாலும் வாங்கியது முழு வண்டியையல்ல, சேஸிஸை. தலைக்கு மேல் கூரையில்லாமல் டிரைவர் அதை ஓட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போவார். கேபினும் பாடியும் அங்கேதான் ஏறும். பல வண்டிகளில் முகப்பு எப்படி இருக்க வேண்டும், விளக்கு எங்கே உட்கார வேண்டும் என்பதைக்கூடப் பாடி கட்டுபவரே முடிவு செய்தார். இப்படியொரு ஏற்பாடு நடக்க வேண்டுமென்றால் விளக்கு கடையில் தனியாகக் கிடைக்கும் பொதுச்சரக்காக இருந்தே தீர வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையிலோ புதுப்பேட்டையிலோ ‘ஏழங்குலம் ஒண்ணு’ என்றால் போதும், எந்த வண்டிக்கு என்ற கேள்வியே பல சமயம் எழாது.

அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வெளி வளையத்தின் திருகைத் தளர்த்தினால் கண்ணாடியும் அதன் பின்னாலுள்ள ரிஃப்ளெக்டரும் கையோடு வந்துவிடும். கண்ணாடி வெறும் மூடியல்ல. அதன் உட்புறம் வரிவரியாகவும் கட்டம் கட்டமாகவும் வார்க்கப்பட்டிருக்கும். ரிஃப்ளெக்டர் திரட்டி அனுப்பும் ஒளியைச் சாலையின் அகலத்துக்குப் பரப்பி, எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே இறக்குவது அந்த வரிகளின் வேலை. கல் பட்டால் கண்ணாடி தெறித்துவிடும். ரப்பர் வாஷர் இற்றுப்போனால் கடற்காற்று உள்ளே புகுந்து ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சைத் தின்றுவிடும். துறைமுகத்தை ஒட்டி ஓடிய வண்டிகளில் விளக்கின் அடிப்பாகம் துருவேறிக் கறுத்துக் கிடந்தது சாதாரணக் காட்சி. ஒளியும் சுமார்தான், ஆறு வோல்ட் காலத்து புல்லட்டின் வெளிச்சத்தை யாரும் மெச்சியதில்லை. ஆகவே பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய விளக்கு பழுதானபோது அதைச் சரிசெய்ய ஸ்குரூடிரைவர் ஒன்றே போதுமாயிருந்தது என்றுதான் சொல்கிறேன்.

பாலிகார்பனேட்டை 1953-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. கண்ணாடியின் எடையில் பாதிகூட இராது, சுத்தியலுக்கும் எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். இருந்தும் ஹெட்லைட்டில் ஏற அதற்கு முப்பது ஆண்டு பிடித்தது, ஏனென்றால் அமெரிக்கச் சட்டம் பொது அளவு விளக்கைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. ஃபோர்டு கம்பெனி கேட்டு விதி தளர்ந்த பிறகு, 1984 மாடல் லிங்கன் மார்க் செவன் கார்தான் காரின் முகத்துக்கேற்ப வளைத்த பிளாஸ்டிக் விளக்கோடு அங்கே முதலில் வந்தது. ஐரோப்பா 1990-களில் பின்தொடர்ந்தது, நம் ஊர்க் கார்களுக்கும் அது வந்துசேர்ந்தது. இதோடு இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒளியை வடிவமைக்கும் வேலை கண்ணாடி வரியிலிருந்து, கம்ப்யூட்டர் கணக்கில் வளைத்த ரிஃப்ளெக்டருக்குப் போனது, முன்மூடி வெறும் ஜன்னலாயிற்று. அந்த ஜன்னலையும் பசை போட்டு விளக்கின் பின்கூட்டோடு ஒட்டி, முழுதையும் ஒரே அசெம்பிளியாக்கி, மாடலுக்கு மாடல் வேறு உருவில் விற்றார்கள். பொதுச்சரக்கு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

பாலிகார்பனேட் மென்மையானது, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாவது. அதனால் மேலே கெட்டியான காப்புப் பூச்சு ஒன்றை ஏற்றியே தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் தேய்ந்து உரியும்போதுதான் விளக்கு மங்கத் தொடங்கும். பூச்சைச் சீக்கிரம் போக்குவதற்கான வழிகள் நம் பட்டறைப் பழக்கத்திலேயே இருக்கின்றன. கண்ணாடிக்குத் தின்னரும் பெட்ரோலும் ஒன்றும் செய்யாது. லாரி விளக்கின் மேல்பாதியில் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டு, வேண்டாதபோது தின்னர் தொட்டுத் துடைத்தெடுத்த கைகள் இவை. அதே கை பிளாஸ்டிக்கைத் தின்னரால் துடைத்தால் மேற்பரப்பு நுண்ணிய விரிசலோடு வெளுத்துவிடும். காய்ந்த பனியன் வேஸ்ட்டால் தூசியைத் தேய்ப்பதும் கேடுதான். எண்ணூரில் 1970 முதல் 2017 வரை ஓடிய அனல்மின் நிலையம் விட்ட, அத்திப்பட்டுப் பக்கம் இன்றும் ஓடும் வடசென்னை அனல்மின் நிலையம் விடும் சாம்பல்துகள் மணலுக்குத் தம்பி, வெறுந்துணியில் அது உப்புத்தாளாக மாறிவிடும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நின்ற பிறகு ராயபுரத்துக் கரித்தூசி குறைந்தது, வெயில் குறையவில்லை.

மங்கிய விளக்குக்குப் பதில் புது செட், அதாவது முழு அசெம்பிளி, என்ன விலை என்று கேட்டுத் திரும்பியவர்களுக்காகப் பெயின்டர்களிடம் ஒரு புது வேலை பிறந்தது. சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு, முரட்டு வாட்டர் பேப்பரில் தொடங்கி மெல்லிய நம்பருக்குப் போகிறார்கள். முதலில் வழியும் மஞ்சள் தண்ணீர் இற்றுப்போன பழைய பூச்சு, அது பால்போல் வெளுத்தால் நல்ல பிளாஸ்டிக் வரை போயாயிற்று என்று அர்த்தம். பிறகு காம்பவுண்டு, பஃபிங். முடிவில் கிளியர் கோட் அடிப்பவர்தான் வேலையை முடித்தவர். அடிக்காமல் விட்டால் காப்பே இல்லாத பிளாஸ்டிக் சில மாதங்களில் மறுபடி மங்கும். பற்பசை வைத்தியமும் அந்த வகைதான், பளபளப்பு வரும், காப்பு வராது. இதெல்லாம் ஒட்டுவேலை, புதுசு போடுவதே பாதுகாப்பு என்பவர்கள் உண்டு. அளவுகள் அவர்கள் பக்கம் இருக்கின்றன. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2018-இல் சோதித்தபோது, மங்கிய விளக்கு புதியதன் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கையே தந்தது, தேய்த்துப் புதுப்பித்தது சுமார் 70 சதவீதத்தை மீட்டது. ஆனால் செட் விலையில் பாதிக்கே அவகாசம் கேட்கும் பழைய வண்டிக்காரர் முன்னாலிருக்கும் தேர்வு புதியதா தேய்த்ததா என்பதல்ல, தேய்த்ததா மங்கியதா என்பதே. மங்கியது அவரை மட்டும் பாதிப்பதில்லை, சிதறும் ஒளி எதிரே வருபவரின் கண்ணிலும் அடிக்கும்.

கண்ணாடிக்கே திரும்பலாமா என்றால், வேண்டாம். விபத்தில் தெறிக்காத மூடியையும் பல மடங்கு மேம்பட்ட ஒளியையும் விட்டுக்கொடுப்பதில் நியாயமில்லை. எல்.இ.டி. யுகத்தில் இந்தக் கவலையே தேவையில்லை என்பதும் சரியல்ல, அதன் முன்மூடியும் அதே பாலிகார்பனேட்தான், அசெம்பிளியின் விலைதான் கூடுதல். முன்மூடியை ரப்பர் வளையமும் கிளிப்பும் வைத்துப் பொருத்தித் தனி உதிரிபாகமாக விற்க முடியாது என்பதற்கு வலுவான பொறியியல் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. நீர் புகும் என்பார்கள். பசை போட்டு ஒட்டியவற்றிலும் மழைக்காலத்தில் உள்ளே பனி படர்ந்திருப்பதை எந்த பார்க்கிங்கிலும் காணலாம். இதுவரை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு விஷயம் பெரும்பாலும் முடிந்துவிடும். இப்போது வரும் தானியங்கிச் சோதனை நிலையங்களில் ஒளியின் அளவையும் திசையையும் கருவி சொல்லிவிடும். மங்கல் விளக்கோடு போன டாக்சியும் வேனும் அங்கே திரும்பி வரும்போது, கடைக் கவுன்டரில் ‘முன்கண்ணாடி மட்டும் கிடைக்குமா’ என்ற பழைய கேள்விதான் மறுபடி கேட்கப்படும். இன்றைக்கு அதற்குக் கடைக்காரர் சொல்லக்கூடியது முழு செட்டின் விலையை மட்டுமே.