ரப்பர் பாலும் மருத்துவக் கையுறையும்

மருத்துவமனையில் ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குத் தொற்று தாவாமல் தடுக்கும் சாதனங்களில் ரப்பர் கையுறையைவிட எளியது அரிது. 2020 வாக்கில் உலகுக்குத் தேவைப்பட்ட கையுறைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மலேசியா தயாரித்தது. கையுறைக்கு மூலப்பொருளான ரப்பர் பால் இறங்கிய நிலங்களில் ஒன்று, பேராக் மாநிலத்தின் தென்கோடியில் பெர்ணம் ஆற்றங்கரையில் உள்ள தஞ்சோங் மாலிம் வட்டாரம். ஆனால் பால் இங்கே வடியத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் கையுறைத் தொழில் இந்த நாட்டில் வேரூன்றியது.

1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் மோட்டார் வண்டி பெருகி டயருக்குக் கிராக்கி ஏற்பட, காடுகள் தோட்டங்களாயின. தஞ்சோங் மாலிமைச் சுற்றி எஸ்கோட், கத்தோயாங், வடக்கே ஸ்லிம் ரிவர் பக்கம் குளூனி என்று தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் அவற்றில் பால் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அதற்குள் உளியை ஓட்டி, மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) சேர்ந்ததை வாளியில் ஊற்றி ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பது அன்றாட முறை. அங்கே அமிலம் கலந்து உறைய வைத்து, தகடாக உருட்டி, புகைபோட்டு ரயிலேற்றிவிடுவார்கள்.

கையுறைத் தொழில் இங்கே அத்தனை காலம் வராமற்போனதற்கான காரணத்தில் ஒரு பகுதி அந்த அமிலத் தொட்டியில் இருக்கிறது. மரத்திலிருந்து இறங்கிய பால் சில மணி நேரத்தில் கெட்டு உறைந்துவிடும். கடல் கடந்து போகவேண்டுமானால் கட்டியாகவே போகவேண்டும். மேல்நாட்டு ஆலைகள் அந்தக் கட்டியைக் கரைப்பானில் கரைத்து, அச்சை அதில் முக்கிக் கையுறை செய்தன. 1920களில் அம்மோனியா சேர்த்துப் பாலைக் கெடாமல் வைக்கவும், சுழல் எந்திரத்தில் கடைந்து 60 விழுக்காடு ரப்பர் உள்ள அடர்பாலாக்கவும் வழி பிறந்த பின்பே பால் பாலாகவே பயணம் செய்தது. அப்போதும் அது அயல்நாட்டு ஆலைகளுக்குத்தான் போயிற்று.

கையுறை அறுவைக்கூடத்துக்குள் நுழைந்தது தொற்றைத் தடுப்பதற்காக அல்ல. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டிடம் வேலை பார்த்த தாதி கரோலின் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினிக் கரைசல் பட்டுக் கைத்தோல் புண்ணானது. 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்விக்கப்பட்டது. நோயாளிக்கும் அதனால் பயன் உண்டு என்பதை ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் 1899-இல் குடலிறக்க அறுவைகளின் கணக்கைக் கொண்டு காட்டினார். தாதியின் கையைக் காக்க வந்தது நோயாளியின் காயத்தைக் காத்தது. அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் கையுறை விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. கழுவி, ஓட்டை ஒட்டி, மாவு தூவி, நீராவியில் வேகவைத்துத் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

பால் வெட்டியவர்களின் மருத்துவமனை வேறு உலகம். 1912, 1923 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்ட முதலாளிகள்மேல் மருத்துவப் பொறுப்பைச் சுமத்தின. பெரிய தோட்டம் தனியாகவும் சிறியவை கூட்டாகவும் ஆஸ்பத்திரி வைத்தன. டாக்டர் அவ்வப்போது வந்து போவார். அன்றாடம் நோயாளியைப் பார்த்தவர் டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர். கொதிநீர், ஸ்பிரிட், அயோடின், வேகவைத்த கண்ணாடி ஊசி ஆகியவையே அவருடைய தொற்றுத்தடுப்பு. மலையடிவாரத் தோட்டங்களில் பெருங்கொல்லி மலேரியா. காட்டை வெட்டியதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசு பெருகியது. கிள்ளானில் 1901 முதல் வேலை செய்த மருத்துவர் மால்கம் வாட்சன், ஒவ்வொரு கொசு இனத்துக்கும் ஒவ்வொரு விதமாக நிலத்தைத் திருத்தவேண்டும் என்பதைக் காட்டினார். மண்ணுக்கடியில் குழாய் வடிகால் போடுவதும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் தோட்ட வேலைகளாயின. அந்தத் தோட்டங்களில் கையுறையைவிட வடிகால் காத்த உயிர்களே அதிகம் எனலாம்.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரி 7 அன்று ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து ஸ்லிம் ரிவர் வரை உடைத்துக்கொண்டு வந்தன. அடுத்த மாதம் சிங்கப்பூரும் விழுந்தது. நேச நாடுகளுக்குப் போன இயற்கை ரப்பரில் பெரும்பகுதி நின்றுபோகவே, அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாக எழுப்பியது. பெட்ரோலியத்திலிருந்து பெறும் நைட்ரில் ரப்பரை ஜெர்மானியர் 1930களிலேயே கண்டுபிடித்திருந்தாலும், செயற்கை ரப்பர் பெருந்தொழிலானது இந்தப் போரில்தான். தோட்டத்துப் பாலுக்குப் போட்டி அன்றே தொடங்கிவிட்டது.

ஒருமுறை மாட்டி எறியும் கையுறை 1960களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் அன்செல் நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. ஆனாலும் தொழிலைப் புரட்டிப்போட்டது எய்ட்ஸ். எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதவேண்டும் என்று 1987-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டியது. அறுவைக்கூடத்தில் மட்டும் இருந்த கையுறை வார்டுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் பல் மருத்துவருக்கும் தேவையாயிற்று. பாலும் குறைந்த கூலியும் உள்ள மலேசியாவில் ஆலைகள் மளமளவென்று முளைத்தன. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே விலை சரிந்து மூடப்பட்டன. மிஞ்சியவை கிள்ளான், ஈப்போ, தைப்பிங் வட்டாரங்களில் வளர்ந்தன. பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகச் சென்று கால்சியம் உப்புக் கரைசலிலும் பிறகு பாலிலும் முங்கி, சூட்டில் பதமாகி வெளிவரும். மாதிரிக்கு எடுத்த கையுறையில் 1000 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள்.

அதே காலத்தில் ரப்பர் மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தன. 1960கள் தொட்டே தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போன தமிழ்க் குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் முதலிடம் தாய்லாந்துக்குப் போனது. கையுறை ஆலைகள் அங்கிருந்து அடர்பால் வாங்கத் தொடங்கின. பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் பெரிய வாசலாகத் திறக்கவில்லை. எந்திர வரிசைகளில் நின்றவர்களில் பலர் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தந்தது 1990களில் பெரிய பிரச்சினையானது. மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பியதால், மாவு தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடைசெய்தது. நைட்ரில் கையுறை முன்னுக்கு வந்தது. 2018-இல் மலேசியாவின் ஹார்தலேகா நிறுவனம், வெளிச்சம் பட்டால் ஆக்சிஜனைக் கிளர்ந்த நிலைக்கு மாற்றி மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாவைக் கொல்லும் சாயம் சேர்த்த கையுறையை வெளியிட்டது. இத்தகைய புதுமைகள் வந்தபோதும் கையுறை கை கழுவுவதற்கு மாற்றாகாது. கண்ணுக்குத் தெரியாத துளை வழியாகவும் கழற்றும்போதும் கை அழுக்காகும் என்பதால், மாட்டுமுன்னும் கழற்றிய பின்னும் கைகளைத் தூய்மை செய்யச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

கோவிட் காலத்தில் கையுறை விலை ஏறி, பங்குச் சந்தை கொண்டாடியது. உலகத்தைத் தொற்றிலிருந்து காத்த பொருளைச் செய்தவர்கள் நெரிசலான விடுதிகளில் தங்கியிருந்தார்கள்; 2020 நவம்பரில் கிள்ளானில் தெராத்தாய் என்று பெயரிடப்பட்ட பெரிய தொற்றுக்கொத்து அப்படித்தான் உருவானது. பெருந்தொற்று தணிந்ததும் விலை விழுந்தது.

மலேசியாவில் இன்று எஞ்சிய ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்கள் கையில் உள்ளது. தினமும் பாலைச் சேகரித்து அம்மோனியா கலந்து அனுப்புவதைவிட, மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்பது அவர்களுக்கு எளிது. கட்டிப்பால் டயருக்குப் போகும்; கையுறைக்கு ஆகாது.